பாதி விலைக் கோழி

இன்று பின்னேரம், சுவிஸின் லாங்கன்தாலில், கடை பூட்டுகிற நேரம். விலைவாசி ஏறியதிலிருந்து எங்கள் வீட்டுக் கோழிக்கறி பாதி விலை ஸ்டிக்கரை நம்பித்தான் இருக்கிறது.

ஸ்டிக்கர் ஒட்டியிருந்த கடைசிக் கோழிப் பெட்டியில் கை வைத்தேன். மறுபக்கத்திலிருந்து இன்னொரு கையும் வந்தது.

நிமிர்ந்து பார்த்தால் ரஞ்சன் அண்ணை! அகதி முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர்.

"நீயும் இஞ்சையோ? வீடு வாங்கின பிறகும் கோழிக்கு இப்பிடித்தான் நிக்கவேண்டிக் கிடக்கு, தம்பி."

அந்த நாளில் இதே ஸ்டிக்கருக்காக முறை வைத்துக் காத்து நின்றிருக்கிறோம். ஒரு கோழியை அறையில் எல்லோரும் பங்கு போடுவோம். அண்ணை மட்டும் தனக்குக் குழம்பு போதும் என்பார். அவருக்கு இறைச்சி பிடிக்காதென்றே வெகுகாலம் நம்பியிருந்தேன்.

"நீ கொண்டுபோ. எனக்குக் குழம்பு போதும்" என்றார் இன்றும்.

"சும்மா இருங்கோ அண்ணை, நீங்கள் எடுங்கோ."

"இல்லை, நீ எடு."

நாங்கள் உபசரித்து முடிவதற்குள் ஒரு சுவிஸ் அம்மா "எக்ஸ்கூசி" என்று நடுவே கையை விட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது அண்ணை என் வீட்டில் இருக்கிறார். அடுப்பில் பருப்பு கொதிக்கிறது.

பக்கத்தில் யாராவது இன்று கோழி சமைத்திருந்தால் சொல்லுங்கள். எங்கள் இருவருக்கும் குழம்பு போதும்.