சாயாத கார்

என் கார் வளைவில் சாயும். வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். இரண்டு பேர் ஓட்டித் தேய்த்துவிட்டு என்னிடம் தள்ளிய டீசல் கார். உளுந்து மூட்டையும் ஏற்றுவேன், கல்யாண வீட்டுக்கு ஆளும் ஏற்றுவேன். வளைவில் திருப்பினால் பின்னால் இருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

மகளுக்கு அப்போது ஆறாம் மாதம். புதியம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மருமகன் அங்கே ஆயத்த ஆடை தைக்கும் யூனிட் வைத்திருக்கிறார். கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். புதூரைத் தாண்டி, பஸ் இரண்டு வேளை மட்டும் வந்து போகிற ஊர் எங்களுடையது. ஒரு மத்தியானம் வயிறு வலிக்கிறது என்றாள். அவளையும் என் மனைவியையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்கு விரட்டினேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு உயிர் இல்லை என்றார்கள்.

வண்டி ஆட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். நான் இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் அதையேதான் சொன்னார். ஆனால் பார்க்க வந்த சம்பந்தியம்மா வராந்தாவில் நின்று, "அந்த வண்டியில போட்டு உலுக்குனா எப்படித் தங்கும்?" என்றார். டாக்டர் சொன்னது காதோடு போயிற்று, இது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்ததை அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான்.

இந்த வருடம் மகள் மறுபடியும் உண்டானாள். ஏழாம் மாதம் அவர்கள் வீட்டில் வளைகாப்பு. அது முடிந்ததும் நாங்கள் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். "நல்ல டாக்ஸி ஒண்ணு பிடிச்சுக்கிடுவோமா மாமா?" என்று மருமகன் போனில் கேட்டார். தன்மையாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பெற்ற மகளை அழைத்துவர அப்பன் வண்டி ஆகாதா? "என் வண்டியிலதான் கூட்டிட்டு வருவேன்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் போய்க் காருக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

காருக்கு அடியில், இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி ஓடும். ஸ்டெபிலைசர் ராடு என்பார்கள். வளைவில் வண்டியைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். என் வண்டியில் இருந்தது விரல் கனம்கூட இருக்காது. இதே காரின் பெரிய மாடலில் தடித்த ராடு வரும், அப்படியே பொருந்தும் என்று கோவில்பட்டியில் என் மெக்கானிக் சொன்னார். புது ராடின் விலையைக் கேட்டு, அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன். மதுரைக்குப் பஸ் ஏறி, அடிபட்ட வண்டிகளைப் பிரித்து விற்கிற கடைகளில் ஒரு பகல் முழுக்க அலைந்து, வளையாத ராடாக ஒன்றைத் தேடிப் பிடித்தேன். பஸ்ஸில் கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, யாரை அடிக்கக் கொண்டுபோகிறேன் என்று கேட்டார். வீட்டில் உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்து நானே கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். ராடைத் தாங்குகிற ரப்பர் புஷ்ஷும், முனைகளில் மாட்டுகிற லிங்க்கும் மட்டும் புதிது. ரப்பரில் மிச்சம் பிடித்தால் வேலை செய்ய மாட்டேன் என்று மெக்கானிக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மாட்டும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "அண்ணாச்சி, வளைவுல நல்லா நிக்கும். ஆனா உங்க ஊர்ப்பக்கம் ரோடு ஒரு மாதிரில்லா கெடக்கு. ஒரு சக்கரம் குழியில விழுந்தா, இது அடுத்த சக்கரத்தையும் சேத்து இழுக்கும். பாத்துக்கோங்க."

"நீரு மாட்டும்வே, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி வைத்திருந்தேன். குடத்தில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, பின் சீட்டில் மகள் உட்காரும் இடத்தில் வைத்து, இரண்டு பக்கமும் சாக்கைச் சுருட்டி அண்டை கொடுத்தேன். நாலுவழிச் சாலையில் ஏறி, வளைவில் வேண்டுமென்றே வேகமாகத் திருப்பினேன். வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது. நிறுத்திப் பார்த்தால் சீட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எட்டயபுரம் தாண்டி எங்கள் ரோட்டில் இறங்கிய பிறகுதான் புரிந்தது. கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். மேலே போட்ட தார் எத்தனை நாளைக்குத் தாங்கும்? இங்கே இடது ஓரம் அமுங்கியிருக்கும், பத்தடி தள்ளி வலது ஓரம் அமுங்கியிருக்கும். பழைய ராடு இருந்தபோது குழியில் விழுந்த சக்கரம் மட்டும் இறங்கி ஏறும். இப்போது வண்டி முழுக்க இடமும் வலமுமாக வெட்டியது. என் தலை கதவுக் கண்ணாடியில் இடித்தது. வீட்டுக்கு வந்தபோது குடத்துத் தண்ணீர் பாதி சீட்டில் கிடந்தது.

"சீட்டு ஏன் இப்படி ஊறிக் கெடக்கு?" என்றாள் மனைவி.

"வண்டியைக் கழுவினேன்."

"சீட்டை மட்டுமா?"

துணி எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். வளைகாப்புக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மெக்கானிக்கிடம் திரும்பிப் போய்க் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெதுவாக ஓட்டினால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை வயதிலும் எனக்கு வறட்டு ரோஷம் போகவில்லை.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. விளக்கு வைப்பதற்குள் வீடு சேர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். மகளும் மனைவியும் என் காரில் வந்தார்கள். நல்ல ரோடு முடிகிற வரைக்கும் மகள் பேசிக்கொண்டே வந்தாள். எங்கள் ரோட்டில் இறங்கியதும் பேச்சு நின்றது. மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்டினேன். அப்படியும் ஒவ்வொரு பள்ளத்திலும் அவளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கிப் போட்டது. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கையால் கதவுப் பிடியையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வண்டியை ஓரங்கட்டி இரண்டு பேரையும் இறங்கச் சொன்னேன். ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்தேன். முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, வளைகாப்புக்குக் கட்டிய பட்டுக்கரை வேட்டியோடு அடியில் படுத்துவிட்டேன். இரண்டு முனையிலும் லிங்க்கைக் கழற்றிவிட்டால் ராடு சும்மா தொங்கும், இந்த வெட்டு நின்றுவிடும். மனைவி எதுவும் கேட்காமல் ரோட்டோரக் கருவேல நிழலுக்குப் போய், தாமதமாகும் என்று வேனில் போனவர்களுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். நட் இறுகிப்போயிருந்தது. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியில் தோல் பெயர்ந்தது. "இந்தத் தடவையும் நானே கொன்னுருவேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

வளையல் சத்தம் கேட்டது. பக்கத்தில் மகளின் காலும் சேலைக்கரையும் தெரிந்தன.

"அப்பா, வெளிய வாங்க."

"நீ நிழலுல போய் நில்லுட்டி. அஞ்சு நிமிசம்."

அவள் போகவில்லை. "அன்னைக்கு வண்டியில ஏறுறதுக்கு முந்தியே வயித்துல அசைவு நின்னுட்டுப்பா" என்றாள்.

ஸ்பேனரைத் தரையில் வைத்தேன்.

"காலையிலயே தெரியும். உங்க யாருகிட்டயும் சொல்லப் பயமா இருந்துச்சு. வலி வந்த பெறகு நீங்க அந்த வேகத்துல ஓட்டுதீங்க. அப்ப எப்படிச் சொல்ல?"

"இப்போ?" என்றேன்.

"இப்போ நல்லா உதைக்குது. நீங்க வாங்க."

மூன்று வருடப் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. வேறொன்று வந்து ஏறிக்கொண்டது. அன்று கோவில்பட்டி வரைக்கும், "இன்னும் கொஞ்ச தூரம்தான், பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுட்டி" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவள், "சரிப்பா" என்றாள்.