ஒரே ஒரு மிஸ்டு கால்

ஜெயபாண்டி அவனியாபுரத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் போனை எடுக்கத் தாமதமானால், "என்னைய விட்டுட்டுப் போயிட்டீகள்ல" என்று மனைவி முனீஸ்வரி விடாமல் அழைப்பாள். பாத்திரங்கள் பறக்கும். ஒருமுறை கையையும் கிழித்துக்கொண்டாள். பேய்க்கோளாறு என்றார்கள் சொந்தக்காரர்கள். ஆளுமைக் கோளாறு, பேசிப் பேசியே சரியாக்கலாம் என்றார் டாக்டரம்மா. இரண்டு வருடமாக வாராவாரம் அவரிடம் போகிறாள். குணம் தெரிகிறதுதான், ஆனாலும் அரிவாள்மனையைப் பரணில் ஒளித்துவிட்டுத்தான் ஜெயபாண்டி வண்டியை எடுப்பான்.

அன்று சவாரி நெருக்கடியில் போனைப் பார்க்கவில்லை. மதியம் பார்த்தால் ஒரே ஒரு மிஸ்டு கால், அதுவும் காலையில் வந்தது. திருப்பிக் கூப்பிட்டான், அவள் எடுக்கவில்லை. விடாமல் அழைக்கிறவள் ஒன்றோடு நிறுத்தியிருக்கிறாள். வில்லாபுரம் வந்ததும் வண்டியைத் தன் தெருவுக்குள் ஒடித்தான்.

"அண்ணே, பெரியார் போகலையா?" என்று பின்சீட்டில் இருந்தவர்கள் கத்தினார்கள். அவன் காதில் ஏறவில்லை.

உள்ளே முனீஸ்வரி, அதே அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, ஒரு தடவதான கூப்பிட்ட?"

"சவாரியில இருப்பீகன்னு விட்டுட்டேன். போன் சார்ஜ்ல கெடக்கு."

அவன் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்தவள் வாசலை எட்டிப் பார்த்தாள். ஆட்டோ நிறைய ஆட்கள்.

"மொதல்ல அவுகளக் கொண்டுபோயி எறக்கி விட்டுட்டு வாங்க. அடுத்த வாரம் டாக்டரம்மாகிட்ட உங்களையும் கூட்டிட்டுப் போறேன்."