அப்பாவின் செல்லாக் காசுகள்

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, வலது கண்ணை முதலில் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் நான் செய்த முதல் காரியம், அலமாரியின் அடித்தட்டில் இருந்த அப்பாவின் பிஸ்கட் டின்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டதுதான். மூடி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஒரு வழியாகத் திறந்து கையை விட்டேன். கண்ணால் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, விரலே சொல்லிவிடும். ஓரம் மழுங்கிய இந்தியக் காலணா, மூலைகள் உருண்ட சிலோன் சதுரக் காசு, ஜாவாவிலிருந்து வந்த செப்புக் காசு, நடுவில் ஓட்டை போட்ட சயாம் காசு. எல்லாவற்றுக்கும் அடியில், பழைய கைக்குட்டையில் சுற்றி, ஒரு சோடி வெள்ளிக் கண். இதில் எந்தக் காசும் பினாங்கில் எந்தக் கடையிலும் செல்லாது. அந்தக் காலத்திலும் செல்லவில்லை. அப்பா சேர்த்த சொத்து என்று என்னிடம் இருப்பது இது மட்டும்தான்.

ஜார்ஜ் டவுனில் டிராம் ஓடிய காலத்தில் அப்பா அதில் கண்டக்டர். கப்பல் துறை ஜெட்டியிலிருந்து ஆயர் ஈத்தாம் போகும் வண்டி அவருடையது. கப்பலை விட்டு இறங்கியவர்கள் மூட்டை முடிச்சோடு நேராக அந்த வண்டியில்தான் ஏறுவார்கள். ஏறியவர்களில் பலருக்குத் தங்கள் கையில் இருக்கும் காசு இந்த ஊரில் செல்லாது என்பதே தெரியாது. மற்ற கண்டக்டர்கள் அதைத் திருப்பிக் கொடுத்து இறங்கச் சொல்லிவிடுவார்கள். அப்பாவின் தோல்பையில் மட்டும் வாரத்துக்கு ஒன்றிரண்டு எப்படியாவது விழுந்துவிடும். சாயங்காலம் ஒப்படைக்கும்போது அதைக் கம்பெனி எடுத்துக்கொள்ளாது, கண்டக்டர்தான் தன் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். அப்பா வீட்டுக்கு வந்து தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு, "இன்னைக்கும் ஒருத்தன் ஏமாத்திட்டான்" என்று சொல்லிக்கொண்டே காசை டின்னுக்குள் போடுவார். கூடவே ஒரு பெருமூச்சும் வரும். அந்தப் பெருமூச்சு தேவைக்கு மேல் கொஞ்சம் நீளமாக இருக்கும் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அம்மாவை ஏமாற்ற ஊரில் ஆள் கிடையாது. டிராம் கொட்டகைக்குப் பின்னால் இருந்த வரிசை வீட்டில், வாசலில் அடுப்பு மூட்டிக் காலையில் ஆப்பம் சுட்டு விற்பாள். ரிக்‌ஷா இழுக்கும் சீனர்கள், மீன் விற்கும் மலாய்க்காரர்கள், காலைப் பூசை முடிந்து திரும்பும் எங்கள் மாதா கோயில் ஆட்கள் என்று எல்லோரும் வாங்குவார்கள். ஒரு கை ஆப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே மறு கை, வாங்கிய காசை அருகில் கிடக்கும் அம்மிக்கல்லில் ஒரு தட்டுத் தட்டிவிடும். சத்தம் பிடிக்கவில்லை என்றால் ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டாள். "வேற காசு குடு" என்பாள், அவ்வளவுதான். அப்பாவைப் பற்றிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் அவள் அலுத்துக்கொள்வது எனக்கு மனப்பாடம். "நான் அடுப்புப் புகையில உக்காந்து வாங்குறேன், ஒரு செல்லாக் காசு வந்ததில்ல. இவரு நல்ல வெளிச்சத்துல நின்னு வாங்குறாரு, வாரத்துக்கு ரெண்டு வந்துடுது லா. என்னாத்த சொல்ல."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்த பிறகு அப்பா டின்னைத் திறந்து பாயில் கவிழ்ப்பார். ஏதாவது ஒன்று செல்லுமா என்று பார்க்கிறாராம். ஒரு கரித்துணியும் கொஞ்சம் புளியும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தேய்ப்பார். கொழம்புக்கே புளி போதவில்லை, செல்லாத காசைக் குளிப்பாட்ட எங்கே போவது என்று சமையல்கட்டிலிருந்து அம்மாவின் குரல் வரும். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு இன்னும் மெதுவாகத் தேய்ப்பார். ஒவ்வொரு காசும் யார் கையிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். இது மகளைத் தேடி வந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் கொடுத்தது, இது கைக்குழந்தையோடு இறங்கிய சீனத்தி துணியில் முடிந்து வைத்திருந்தது என்று சொல்லிக்கொண்டே போவார். அவற்றில் அவருக்கு உயிர், இரண்டு வெள்ளிக் காசுகள்தான். வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்தவை. இரண்டும் ஒன்றுபோல இந்தோசீனா நாட்டுக் காசு. ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், அவள் தலையைச் சுற்றிச் சூரியக் கதிர் மாதிரிக் கோடுகள் இருக்கும். அப்பா அவளுக்குக் கதிர்க்காரி என்று பேர் வைத்திருந்தார். மாதா படத்தைத் தொடுவதுபோல நுனிவிரலால்தான் தொடுவார்.

அம்மாவுக்கு முதலில் கோபமாக இருந்தது, போகப் போகப் பயமாக மாறியது. மனுஷன் சோம்பேறியும் இல்லை, குடிகாரனும் இல்லை. அப்படியிருந்தும் திரும்பத் திரும்ப ஏமாறுகிறார் என்றால் கண்ணில்தான் கோளாறு என்று அவள் முடிவு கட்டினாள். கண் போனால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும். பிறகு சுங்கை பாக்காப் தோட்டத்தில் இருக்கும் தன் அண்ணன் வீட்டில் போய் நிற்க வேண்டும். அந்த அண்ணி எப்படிப்பட்டவள் என்பது அம்மாவுக்குத் தெரியும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை. கடைந்தும் பொரித்தும் கூட்டாகவும் குழம்பாகவும் வந்தது. அப்பா மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். ஒருநாள் அம்மா ஊசியையும் நூலையும் நீட்டிக் கோத்துத் தரச் சொன்னாள். அப்பா நூலை எச்சில் தொட்டு முறுக்கி, ஊசிக் காதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதே அப்பாதான் தெருக்கோடியில் டிராம் திரும்பும்போதே ஓட்டுகிறவர் யார் என்று சொல்வார். பிள்ளை வயதில் எனக்கு இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

அந்த வருஷம், மாதாவைப் பெற்ற புனித அன்னம்மாள் திருவிழா நெருங்கியபோது அம்மா நேர்ந்துகொண்டாள். அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறது அந்தக் கோயில். கை நோவென்றால் வெள்ளிக் கை, கண் நோவென்றால் வெள்ளிக் கண் என்று அன்னம்மாளின் காலடியில் வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். வெள்ளிக்கு எங்கே போவது என்று அம்மா யோசித்திருக்கிறாள். யோசித்தவள், அப்பா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் டின்னைத் திறந்து, வெள்ளியாக இருந்த இரண்டே இரண்டு காசை எடுத்துக்கொண்டு பத்தரிடம் போய்விட்டாள். சாயங்காலம் அப்பா தொப்பியை மாட்டியதும் ஒரு தாள் பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். "கண்ணு தொலைச்ச காசு, கண்ணாவே போகட்டும்னுதான் குடுத்தேன். பத்தரு உருக்கக்கூட இல்ல, அப்படியே தட்டிக் குடுத்துட்டாரு."

அப்பா அந்தக் கண்களை உள்ளங்கையில் எடுத்துப் புரட்டினார். முன்பக்கம் இமையும் விழியும் கீறியிருந்தன. பின்பக்கம், சுத்தியல் அழுத்தமாகப் படாத இடத்தில், மயிரிழை போலச் சில கோடுகள் மிச்சம் இருந்தன. கதிர்க்காரியின் கதிர்கள். அப்பாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்றார். அன்றைக்கும் கீரைதான். இன்னொரு கரண்டி போடச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டார்.

திருவிழாவன்று பெர்ரியில் கடலைத் தாண்டி, பிறை ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போனோம். கூட்டம் நெருக்கித் தள்ளியது. அப்பா வெள்ளிக் கண்ணைத் தட்டில் ஏந்தி அன்னம்மாளின் காலடியில் வைத்தார். அம்மா முழங்காலில் நின்று அழுதுகொண்டே செபித்தாள். "அவரு கண்ணக் காப்பாத்திக் குடும்மா" என்று அவள் முணுமுணுத்தது எனக்கே கேட்டது, அப்பாவுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. பூசை முடிந்த பிறகு காணிக்கைகளை மரத்தடியில் ஏலம் விட்டார்கள். கோழி, தேங்காய், உப்பு மூட்டை எல்லாம் போய்க் கடைசியில் வெள்ளிச் சாமான்கள் வந்தன. அடுத்த வருஷம் நேர்த்திக்கடன் வைத்திருப்பவர்கள் வாங்கிப் போவார்கள். நாங்கள் கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டிருந்தோம். கோயில் காரியங்களைப் பார்க்கும் கோயில்பிள்ளை ஒரு பெரிய தாம்பாளத்தைச் சாய்த்துப் பிடித்தார். அதில் வெள்ளிக் கண்கள் குவிந்து கிடந்தன, எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி. அவர் ஒரு சோடியைத் தூக்கிக் காட்டியதும் அப்பா என் கையை விட்டுவிட்டுக் குரல் கொடுத்தார்.

"அந்தச் சோடி இல்லண்ணே. அதுக்குக் கீழ, தட்டு ஓரத்துல கவுந்து கெடக்கு பாருங்க. பின்னால கோடு கோடா இருக்கும், அது."

கோயில்பிள்ளை துழாவி எடுத்தார். முகத்துக்கு அருகே வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமா, கோடு இருக்குதே. அங்கேருந்து எப்படிய்யா பார்த்த?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். போட்டிக்கு யாரும் கேட்காததால் அப்பாவுக்கே கிடைத்தது. காசைக் கொடுத்து, கண்களை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு திரும்பிய பிறகுதான் தான் செய்த காரியம் அவருக்குப் புரிந்தது. அம்மா அழுகையை நிறுத்தியிருந்தாள். அவரையும் பார்த்தாள், அந்தத் தாம்பாளம் இருந்த தூரத்தையும் பார்த்தாள்.

ரயிலில் அவள் செபமாலை மணிகளை உருட்டிக்கொண்டே வந்தாள். பெர்ரியில் ஏறி உட்கார்ந்த பிறகு, கடலைப் பார்த்தபடி, "சொல்லுங்க" என்றாள். அப்பா என் தலைக்கு மேலாகவே பேசினார். "நான் ஏமாறவே இல்ல புள்ள. மொதல்ல ஒரு கெழவி ஏறுனா, அவ ஊர்க் காச நீட்டுனா. அதவிட்டா அவகிட்ட ஒண்ணும் இல்ல. எறக்கி விட மனசு வரல, நானே போட்டுட்டேன். அப்புறம் அந்தக் காசப் பாக்கப் பாக்க ஆசை வந்துடுச்சு. டிராம்ல டிக்கெட் கிழிக்கிறவனுக்கு எதுக்கு இந்த ஆசைன்னு நீ கேப்ப. அதான் சொல்லல."

"கேட்டிருப்பேன்தான்" என்றாள் அம்மா. பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "ஆனா நான் எவ்வளவு பயந்துட்டேன்னு ஒங்களுக்குத் தெரியுமா? நீங்க தடுமாறி நடக்குற மாதிரியெல்லாம் கனாக் கண்டேன். அண்ணி வீட்டு வாசல்ல போய் நிக்கிற மாதிரி கனாக் கண்டேன்." அப்பா கரை வரும்வரை கைக்குட்டை முடிச்சைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் அத்தனை சின்ன மனிதராக உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டு வாசலிலேயே பக்கத்து வீட்டு அக்கா, அப்பாவுக்குக் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத் தெரியுதாம்க்கா. அன்னம்மா புண்ணியம்" என்றாள். வரிசை வீடு முழுக்கச் செய்தி பரவியது. அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டாள். ஆனால் அதிலேயே அவர் மாட்டிக்கொண்டார். பார்வை திரும்பிய மனிதர் இனி எந்த முகத்தோடு ஏமாந்து வருவார்? அதற்குப் பிறகு அவர் செல்லாக் காசு ஒன்றுகூடக் கொண்டுவரவில்லை. ஜெட்டியில் ஏறுகிறவர்கள் நீட்டும் காசைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாராம். இறக்கி மட்டும் விட மாட்டார், சீட்டுக் கிழித்துத் தன் காசைப் போட்டுவிடுவார். இதை அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் பிற்பாடு என்னிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை டின்னைத் திறப்பதும் நின்றது. கீரையும் நின்றது. பூசைக்குப் போய்வந்தால் அப்பா பாயில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்று அவரைப் பார்ப்பாள், புளியைப் பற்றித் திட்ட அவளுக்கும் வாய்ப்பில்லாமல் போயிருந்தது.

மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்பு வேலை முடிந்து அம்மா உள்ளே வந்தாள். அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். இடுப்பில் செருகியிருந்த எதையோ எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் டக்கென்று வைத்தாள். சயாம் காசு. நடுவில் ஓட்டை. கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் கொடுத்தாலும் பச்சைப் பிள்ளை சொல்லிவிடும், அது நம் ஊர்க் காசு இல்லை என்று.

"எவனோ காலையில குடுத்துட்டுப் போயிட்டான்" என்றாள் அம்மா, குழம்பைக் கிண்டியபடி. "நான் கவனிக்கல. எனக்கும் கண்ணு மங்குது போல."

அப்பா அந்தக் காசைக் கையில் எடுத்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு அதை ஒரு கண்ணுக்கு முன்னால் பிடித்து, ஓட்டை வழியாக அம்மாவைப் பார்த்தார். "சும்மா சாப்புடுங்க, ஆறிப்போகுது" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கழுத்துவரை சிவந்திருந்தாள். மறுநாள் சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வரும்போது கையில் ஒரு கட்டுப் பொன்னாங்கண்ணிக் கீரை இருந்தது. அதை அம்மா முன்னால் வைத்துவிட்டுத்தான் தொப்பியைக் கழற்றினார்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு தடவையாவது அம்மா ஏமாந்துகொண்டிருந்தாள். டிராம் நின்று, தண்டவாளத்தின் மேல் தார் ஊற்றி மூடிய பிறகும் ஏமாந்தாள். டின் நிறைந்தது அப்படித்தான். இருவரும் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இன்றைக்கு மடியில் டின்னை வைத்துக்கொண்டு ஓட்டைக் காசைத் தேடி எடுத்தேன். கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். கொஞ்சம் வெளிச்சமும் நிறையப் புகையும்தான் தெரிந்தது, அம்மாவின் அடுப்படி மாதிரி. சமையல்கட்டில் யாரும் இல்லை. அம்மா சொன்னதை அவள் குரலிலேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். எனக்கும் கண்ணு மங்குது போல. அவள் சொன்னபோது அது பொய்யாக இருந்தது.