ஸ்டீரிங்கில் கட்டிய மஞ்சள் கயிறு

பேய், முனி, காட்டேரி எதையும் நான் நம்பியவள் இல்லை. மலாயாவில், எங்கள் லாபு ரப்பர் தோட்டத்தில் மரத்துக்கு ஒரு முனி என்று கதை கட்டுவார்கள், நான் சிரிப்பேன். உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பயப்படவே அப்போது நேரம் போதவில்லை. கம்யூனிஸ்ட் சண்டைக் காலம், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு, செரம்பான் போகிற ரோட்டில் எந்த வளைவில் யார் துப்பாக்கியோடு படுத்திருக்கிறார்கள் என்று தெரியாது. அதனால் நான் சொல்வதை நம்பினால் நம்பு, இல்லாவிட்டால் காப்பியைக் குடித்துவிட்டுப் போ. எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். அவள் ஒரு கார்.

சிரிக்காதே, கார்தான். என் வீட்டுக்காரர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு டிரைவர். பெயரைச் சொல்ல மாட்டேன், இத்தனை வயதுக்கு மேல் அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டாம். துரையிடம் ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே வாங்கிய கறுப்புக் கார் ஒன்று இருந்தது. ஜப்பான் சண்டை முடிந்து வெளியே எடுத்தபோது எல்லாம் ஓடியது, ஸ்டீரிங் மட்டும் ஒரே ஆட்டம். கால் வட்டம் சுற்றினால்தான் முன்சக்கரம் சரி என்று திரும்பும். அந்த ரோட்டில் அப்படிப்பட்ட காரை ஓட்டுவது சாவை மடியில் வைத்துக்கொண்டு போவதுதான்.

இவர் ஆரம்பித்தார் பாரு. விடிந்தால் காருக்கு அடியில், வேலை முடிந்தால் காருக்கு அடியில். ஸ்டீரிங் பெட்டியைப் பிரித்து, பல்சக்கரத்தையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து மாட்டுவார். மறுநாள் பழையபடி ஆடும். தேய்ந்த பல்லுக்கு மாற்று கப்பலில் வர வேண்டுமாம். எனக்கு அப்போது தலைப்பிள்ளை, நிறைமாதம். சோறு கொண்டுபோனால் தட்டை வாங்கத் தலையை நீட்ட மாட்டார், ஆனால் அதனிடம் பேசுவார். "கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு, வலிக்காம கழட்டுறேன்." என்னை ஒரு நாள் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஆமாம், ஒரு இரும்புச் சாமானைப் பார்த்து வயிறெரிந்தேன், அதற்கென்ன இப்போது?

அதற்கு மேல் ஒன்று செய்தார். உள்ளே இடைவெளியை அடைக்க மெல்லிய தகடு வேண்டுமென்று, என் அம்மா சீராகக் கொடுத்த பித்தளைத் தட்டை வெட்டி வளையம் வளையமாகச் செதுக்கி வைத்துவிட்டார். ஆட்டம் நின்றது. என் சீர் அவள் வயிற்றுக்குள் போனது.

அந்த வாரமே ஆயுத பூஜை. காருக்குச் சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், எல்லாம் வழக்கம்தான். இவருக்கு ரோட்டைப் பற்றிப் பயம். மாரியம்மன் திருவிழாவில் கையில் காப்புக் கட்டுவார்களே, அந்த மாதிரி காருக்கும் காப்பு இருக்கட்டும் என்று மஞ்சள் கிழங்குத் துண்டு கோத்த மஞ்சள் கயிற்றை ஸ்டீரிங் தண்டில் தானே கட்டினார். எதிரே கற்பூரம் எரிகிறது, பண்டாரம் மணி அடிக்கிறார், இந்த மனிதன் போடுகிறார் மூன்று முடிச்சு! பொன்னுக்கு வழியில்லாதவன் தாலி கட்டுவது எப்படி? அதே மஞ்சள் துண்டு, அதே மூன்று முடிச்சுத்தானே? லயத்துப் பெண்கள் குலவையே போட்டுவிட்டார்கள்.

"டிரைவரு ரெண்டாந்தாரம் கட்டிட்டாருலா!" என்று ஒருத்தி கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

கொஞ்ச நாளில் எனக்கு வலி வந்துவிட்டது. தோட்டத்து மருந்துக் கொட்டகை டிரஸ்ஸர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, செரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்றார். ஊரடங்கு தொடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும். துரை காரைக் கொடுத்தார். பின் சீட்டில் படுக்கச் சொன்னார்கள். நானா? அவரையும் அவளையும் முன்னால் தனியாக விட்டுவிட்டா? அவர் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தேன்.

தோட்டத்து கேட்டைத் தாண்டியதும் ஸ்டீரிங் ஆடியது, பழைய ஆட்டத்தைவிட மோசமாக. "இதென்னா, காலையில டைட்டாதான இருந்துச்சு" என்று இறங்கி, அடியில் படுத்து எல்லா நட்டையும் அசைத்துப் பார்த்தார். எதுவும் தளரவில்லை. என்னைப் பின்னால் போய்ப் படுக்கச் சொன்னார், போனேன். ஸ்டீரிங் கல் மாதிரி நின்றது. எனக்கு விளங்கிவிட்டது. காரை நிறுத்தச் சொல்லி, வலியோடு வலியாக மறுபடி முன்னால் வந்தேன். உடனே ஆட்டம்.

"அடியேய், நான் இவரு கட்டுன பொண்டாட்டி! நீ யாருடி?" என்று அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அறவில்லை. நகம்தான் பெயர்ந்தது. இவர், "உனக்குப் பைத்தியமா, ரோட்டுல கத்தாத" என்று பல்லைக் கடித்தார். அப்புறம் ஒரு வலி வந்தது பாரு, என் வீம்பெல்லாம் அதோடு போய்விட்டது. அழுதுகொண்டே சொன்னேன், "சரிடி. ஆளுக்குப் பாதியா வச்சுக்குவோம். என் பிள்ளைய மட்டும் கொண்டுபோய்ச் சேத்துடு."

சொல்லி வாய் மூடவில்லை. ஸ்டீரிங் இடது பக்கம், அதாவது என் பக்கம், விருட்டென்று சுற்றியது. இவர் சுற்றவில்லை, இரண்டு கையையும் உதறிக்கொண்டு எடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். கார் ரோட்டை விட்டு ரப்பர் மரங்களுக்குள் இறங்கி ஒரு மரத்தில் சாய்ந்து நின்றது. அதே நேரம் முன்னால் வளைவில் படபடவென்று வெடிச்சத்தம். எங்களுக்கு முன்னால் போன லாரியைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வளைவில் நாங்கள் இருந்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, சத்தம் போடாமல் வலியைத் தின்றேன். பிறகு வந்த பட்டாளத்து வண்டிதான் எங்களை ஏற்றிக்கொண்டு போனது.

மகன் பிறந்தான். உயிரோடு, நல்ல குரலோடு. என்னைத் துடைத்துவிட்ட தமிழ் மிஸ்ஸி, அதுதான் நர்ஸ், என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க ஊருல ரெண்டு தாலியா கட்டுவாங்க?" என்றாள்.

தொட்டுப் பார்த்தேன். என் தாலிக்குப் பக்கத்தில் இன்னொரு கயிறு, கிரீஸ் கறையோடு, மஞ்சள் துண்டு, மூன்று முடிச்சு. பயத்தில் நானே பிடுங்கிப் போட்டுக்கொண்டிருப்பேன் என்றார் இவர். ஸ்டீரிங் தண்டு என் மணிக்கட்டுப் பருமன். அதைச் சுற்றிக் கட்டிய கயிறு தலை வழியாக எப்படி இறங்கும்? முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. கழற்றவும் எனக்குத் தைரியம் வரவில்லை, வாக்குக் கொடுத்துவிட்டேனே.

காரைத் துரை பழைய இரும்புக்குப் போட்டார். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலை முடிந்தால் நேரே வீடு, நேரே என் பக்கம். சாகும்வரை அப்படித்தான் இருந்தார். தூக்கத்தில் மட்டும் என் கையைப் பிடித்து இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டுவார், ஸ்டீரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. இல்லையென்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டே தூங்குவார். அந்தச் சிரிப்பு என் கழுத்தில் கிடந்த அவளுக்கு, என்னைப் பார்த்து அவர் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. கொடுத்து வைத்தவள் என்று லயத்துப் பெண்களெல்லாம் என்னைப் பார்த்து வயிறெரிந்தார்கள். எனக்கும்தான் எரிந்தது.