இடப்பக்கக் கட்டைகளில் ஒரு சிரிப்பு

கீபோர்டுக்குக் குரல்களைப் பதிவு செய்து தருவது அவர் தொழில். ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனியாகப் பாடவைப்பதுதான் முறை. மனைவி பாடிய அன்று மட்டும் அவருக்குச் சோம்பல்.

“ஒரே சுரம் போதும்மா. வேகத்தைக் கூட்டினா மேல போகும், குறைச்சா கீழ வரும்.”

“கட்டினவள்னா இளக்காரம்தான்!” என்றவள், சுரத்தைப் பாடி முடித்ததும் களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரிப்பும் பதிவின் வாலில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அடுத்த மாதமே ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

இன்று பழைய பதிவுகளைச் சரிபார்க்க மகள் உட்கார்ந்தாள். வலக்கோடிக் கட்டையை அழுத்தினாள். அம்மா சின்னப் பெண்ணாய்ச் சிரித்தாள். நடுக்கட்டையில் அம்மாவே சிரித்தாள். மகளுக்குக் கண் கலங்கியது. இடப்பக்கம் போகப் போக, அந்தச் சிரிப்பு நீண்டு, தடித்து, தளர்ந்தது.

“அப்பா, கீழ வந்தா யாரோ கிழவி சிரிக்கிற மாதிரி இருக்கு. சிரிப்பை வெட்டிடவா?”

“வேணாம்டா கண்ணு.” அவர் எழுந்து அருகில் வந்தார். “உங்கம்மா கிழவியானா எப்படிச் சிரிப்பாள்னு நான் வேற எங்க போய்க் கேப்பேன்?”

அவரே கைநீட்டி, கடைசிக் கட்டையை மெல்ல அழுத்தினார்.