கண்டக்டர் ராஜமணியின் சாப்பாட்டு மேசை

ராஜமணிக்கு யார் மீதும் நம்பிக்கை கிடையாது. நாகர்கோவில் குளச்சல் தடத்தில் பஸ் கண்டக்டராக ஓடி ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுத்தாயா என்று வாய்விட்டு விசாரிக்கிற வழக்கமே இல்லை. முழியைப் பார்ப்பார், பிடித்துவிடுவார். ஒருமுறை சொந்த சபையின் உபதேசியாரையே திங்கள்சந்தையில் இறக்கிவிட்டிருக்கிறார். மனுஷன் டிக்கெட்டை பைபிளுக்குள் செருகி வைத்து மறந்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அதற்காக ராஜமணி வருத்தப்பட்டதாக யாருக்கும் ஞாபகமில்லை.

ஓய்வுக்குப் பிறகு பார்ப்பதற்கு பயணிகள் இல்லை. மனைவி ஞானபாய்க்கு சுகர் என்று டாக்டர் சொன்னதும் அவள் சாப்பாட்டைக் கண்காணிக்கிற பொறுப்பை ஏற்றுக்கொண்டார். மரச்சீனிக் கிழங்கு நின்றது. சோறு ஒரு கரண்டியானது. ஏத்தன் வாழைக்குலையை உயரக் கட்டிவைத்து, பழம் குறைகிறதா என்று தினமும் அண்ணாந்து பார்த்தார். எல்லாம் அவள் மேலுள்ள பிரியம்தான், அதில் சந்தேகமில்லை.

இப்படி இருக்கையில்தான் சுகாதார நிலையத்து நர்ஸ் பிந்து ஒரு போனோடு வீடுவீடாக வந்தாள். வயதானவர்களின் முகத்தைப் படம் எடுத்தால், யார் உடம்பில் சத்துக் குறைகிறது என்று அது கணித்துச் சொல்லுமாம். நெற்றிப்பொட்டு குழிந்திருக்கிறதா, கன்னம் ஒட்டியிருக்கிறதா, கண்ணுக்கடியில் சதை வற்றியிருக்கிறதா என்றெல்லாம் பார்க்குமாம். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க மெஷினா என்று ராஜமணிக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தன்னை எடுக்கச் சொன்னார். குறை ஒன்றும் இல்லை என்றது. ஞானபாயை எடுத்தபோது போன் சிவப்பு காட்டியது.

இது வெறும் சந்தேகம்தான், எடை பார்த்தால்தான் உறுதியாகும் என்று சொல்லி, பிந்து தான் கொண்டுவந்த மெஷினில் ஞானபாயை ஏற்றினாள். எடையும் குறைவாகவே இருந்தது. இந்த வயதில் இப்படி வற்றிப்போனால், ஒருமுறை விழுந்தாலும் எழும்புவது கஷ்டம் என்றாள். ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று ஞானபாயிடம் கேட்டதற்கு, நேரா நேரத்துக்குச் சாப்பிடுகிறாள் என்று ராஜமணியே பதில் சொன்னார்.

பிந்து போன பிறகு மனைவியின் முகத்தை உற்றுப் பார்த்தார். நெற்றியின் இருபக்கமும் விரல் வைத்தால் புதைகிற மாதிரி குழிந்திருந்தது. ஊரார் முகத்தையெல்லாம் படித்தவருக்கு இது எப்படித் தப்பியது? இவள் போய்விட்டால் தன் கதி என்ன என்று பயந்தார். அந்தப் பயம் கோபமாவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. யாரோ இவளைப் பட்டினி போடுகிறார்கள்.

யாரோ என்ன யாரோ? அடுக்களை மருமகள் பிரீனாவின் கையில் இருந்தது. மகன் ஜெப்சன் கத்தாரில். கேட்க ஆளில்லை என்ற தைரியம். அவள் சிரித்தால் கள்ளச் சிரிப்பு, பேசாமல் இருந்தால் கல்நெஞ்சு. ராஜமணி தன் நாற்காலியை மனைவிக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டார். கரண்டி சட்டிக்குள் எவ்வளவு ஆழம் போகிறது, மீனில் நடுத்துண்டு யாருக்கு விழுகிறது, தட்டில் எவ்வளவு, வாயில் எவ்வளவு என்று பார்வையை எடுக்கவே இல்லை. ஞானபாய் சோற்றை அளைந்துவிட்டு, போதும் என்று எழுந்துவிடுவாள். மருமகளுக்குப் பயந்து எழும்புகிறாள் என்று ராஜமணி முடிவு கட்டினார்.

அடுத்த மாதம் பிந்து வந்தபோது எடை இன்னும் இறங்கியிருந்தது. சுகருக்கு மாத்திரை இருக்கிறது, அதற்குப் பட்டினி மருந்தில்லை, முட்டையும் மீனும் பயறும் தாராளமாகக் கொடுங்கள் என்று விளக்கமாகத்தான் சொன்னாள். ராஜமணி காதில் எதுவும் ஏறவில்லை. அவர் பிரீனாவின் முழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றே கத்தாருக்கு போன் போட்டார். உன் பெண்டாட்டி உன் அம்மையைக் கொல்லுகிறாள் என்று சொன்னார். ஜெப்சன் ஒன்றும் விசாரிக்காமல் பிரீனாவை போனில் அழைத்துக் கத்தித் தீர்த்தான். அவள் துணிகளைப் பையில் அடைத்தாள், கருங்கல் ஊரில் இருக்கும் தன் அம்மை வீட்டுக்குப் போகிறேன் என்று வாசலுக்கு வந்தாள்.

ஞானபாய் குறுக்கே நின்று பையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"அவ ஒண்ணும் செய்யல்ல. நீங்க எனக்க வாயையே பாத்துட்டு இருந்தா எனக்கு எப்பிடி எறங்கும்? ஒரு கரண்டி கூட எடுத்தா சுகருன்னு சொல்லுவீங்க. பழத்தத் தொட்டா எத்தன தின்னன்னு கேப்பீங்க. சொந்த வீட்டுல, டிக்கெட் எடுக்காம ஏறினவ மாதிரி இருந்து திங்கேன்."

ராஜமணி பழக்கத்தில் அவள் முழியைத்தான் பார்த்தார். பொய் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. இவ்வளவு காலமும் இந்தக் கண்கள் தன் முன்னால் தாழ்ந்தே இருந்ததை, பயம் என்று தெரியாமல் அடக்கம் என்று எடுத்துக்கொண்டோமே என்று வெட்கமாக இருந்தது.

போனை எடுத்தார். "லே ஜெப்சா, தப்பு எனக்கது. அந்தப் பிள்ளைய நீ பேசினது அநியாயம். அவகிட்ட மன்னிப்பு கேளு." தானும் பிரீனாவிடம் அதைக் கேட்க வாயெடுத்தார், வரவில்லை. அவள் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அவர் பக்கம் திரும்பாமலே அடுக்களைக்குப் போனாள்.

மத்தியானம் அவர் மேசைக்கு வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் படிக்குப் போய், வீட்டுக்கு முதுகைக் காட்டி, கிணற்றைப் பார்த்து உட்கார்ந்தார். உள்ளே கரண்டிச் சத்தம் கேட்டது. பிறகு ஞானபாயின் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் வையி மக்கா. அந்த அயிலை மீன் துண்டையும் போடு."

எவ்வளவு வைக்கிறாள் என்று பார்க்க ராஜமணியின் கழுத்து தானாகத் திரும்பப் போனது. அடக்கிக்கொண்டார். அவள் இரண்டாம் முறை சோறு கேட்பதைத் தான் காதால் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. கண் நிறைந்து தட்டு தெரியவில்லை. அவர் திரும்பாமல், கிணற்றையே பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்.