ஹாரனின் ஓனர்

மச்சானுக்கு ஹாரன் கொடுக்க வேண்டியிருந்தது நாலு லட்சம். வட்டி கிடையாது. வட்டிக்குப் பதிலாக மச்சானுக்கு வாய் இருந்தது. வீட்டுக்குள் நுழையும்போதே, "என்ன மாப்ள, என் லாரி நல்லா ஓடுதா?" என்று கேட்டுக்கொண்டுதான் நுழைவார்.

நம் ஆளுக்கு ஹாரன் என்று பெயர் வைத்தது மற்ற லாரிக்காரர்கள். இத்தனை வருஷத்தில் அவர் ஹாரன் அடித்து எவனும் கேட்டதில்லை. வாயைத் திறந்தும் அதிகம் கேட்டதில்லை. அதனால்தான் அந்தப் பெயர்.

படிப்பு ஐந்தாவதோடு சரி. மீசை முளைக்குமுன் கிளீனராக லாரி ஏறியவர். தார்ப்பாய் கட்டினார், டயர் மாற்றினார், டிரைவருக்குக் கால் பிடித்துவிட்டார், திட்டு வாங்கினார். ஷெட்டுக்குள் காலி வண்டியை முன்னே பின்னே நகர்த்தியே ஸ்டீயரிங் பழகினார். ஒருவனும் சொல்லித் தரவில்லை. கியரைத் தொட்டால் கையில் அடி விழுந்தது. அடிபட்டுப் பழகிய கை, சும்மா சொல்லக் கூடாது, ரிவர்ஸில் விட்டால் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி நிற்கும். தீப்பெட்டி நசுங்காது, சுவரும் உதிராது. அந்த லைனில் அப்படி வண்டி விட்டவன் இன்னொருத்தன் இருந்தால் வந்து காட்டட்டும், பார்க்கலாம்.

நாலு முதலாளிகளிடம் ஓட்டினார். ஓட ஓட உள்ளே எதுவோ அணைந்துகொண்டே வந்தது. மூத்த மகள் பிறந்த சேதி ஒரு பெட்ரோல் பங்கில் வந்து சேர்ந்தது. டீசல் நிரம்புகிற வரை கேட்டுவிட்டு, பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். அப்பா செத்த சேதி வந்தபோது வண்டி நிறைய சிமெண்ட். அதை இறக்கிவிட்டுத்தான் போனார். போய்ச் சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. வீடே அழுதுகொண்டிருக்க, இவர் ஒரு மூலையில் காலை நீட்டித் தூங்கிப்போனார். கல்நெஞ்சுக்காரன் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சொன்னவர்களில் ஒருத்தன்கூட ஒரு லோடு சிமெண்டை மலை ஏற்றி இறக்கினவன் இல்லை.

நாலாவது முதலாளி தொழிலை மூடியபோது, தான் ஓட்டிய லாரியையே ஹாரன் விலை பேசினார். கையில் இருந்தது பாதி. மீதியைக் கொடுக்க மச்சான் முன்வந்தார். மனைவியின் அண்ணன். மணலும் ஜல்லியும் விற்கிறவர், சொந்த லாரி இல்லாதவர். இரண்டு வருஷத்துக்குள் கடன் அடைய வேண்டும். இல்லாவிட்டால் வண்டி அவர் யார்டுக்குப் போய்விடும்.

"இன்னொண்ணு மாப்ள. வண்டி என் தங்கச்சி பேர்லயே இருக்கட்டும். நீங்க ரோட்ல திரியறவரு. நாளைக்கே எங்கயாவது மோதித் தொலைச்சா வண்டியாவது மிஞ்சும்."

"மோதினா அதுதான் மச்சான் மொதல்ல போகும்," என்றார் ஹாரன்.

வண்டி மனைவி பெயருக்கு மாறியது. சாவியை வாங்கியதும் ஹாரன் லாரியை ஒரு சுற்று சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தார். நேற்றுத் தட்டிய அதே டயர், அதே சத்தம். சந்தோஷம் என்று ஒன்று வரும் என்று கொஞ்ச நேரம் நின்றார். வரவில்லை. ஒரு டீ குடித்துவிட்டு லோடு ஆபீசுக்குப் போனார்.

லோடு ஆபீஸ்காரர்களின் வேலை, சரக்கு வைத்திருப்பவனுக்கு லாரியும் லாரி வைத்திருப்பவனுக்குச் சரக்கும் பிடித்துக் கொடுத்து, இரண்டு பக்கமும் கமிஷன் எடுப்பது. வாடகையில் பாதியை முன்பணமாகத் தருவார்கள். சரக்கு இறங்கின பிறகுதான் பாக்கி. அன்றைக்குக் கேஷியர் சொன்ன வாடகை டீசலுக்கே பத்தாது. கிளீனராக இருந்த காலத்திலிருந்து நாக்கில் ஊறிப்போன பேச்சு ஹாரன் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது.

"ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

வெளியே வந்து வண்டியோரம் நின்றபோதுதான் உறைத்தது, கேட்பதற்கு ஆள் இல்லை என்று. ஒரு பீடி பிடிக்கிற நேரம் நின்றார். உள்ளே போனார்.

"ஓனர் ஒத்துக்கல."

கேஷியர் முணுமுணுத்துக்கொண்டே இரண்டாயிரம் ஏற்றினார். "உன் ஓனரு பெரிய கஞ்சனா இருப்பாரு போலிருக்கேய்யா!"

"ஆமா," என்றார் ஹாரன்.

அதன்பிறகு அந்த ஓனர் வளர்ந்தார். ஹாரன் நேருக்கு நேர் ஒருத்தனிடம் விலை பேசி ஜெயிக்கத் தெரியாதவர். ஓனருக்கோ அசைந்து கொடுக்கவே தெரியாது. பாரம் கூட ஏற்றினால் ஓனர் திட்டுவார். காத்திருக்கிற நாளுக்குக் காசு தராவிட்டால் ஓனர் வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவார். ஆபீசில் ஆளாளுக்கு ஓனருக்குக் கை கால் வைத்தார்கள்.

"ஹாரன் அண்ணே, ஒங்க ஓனருக்கு ரெண்டு குடும்பமாமே?" என்று எடை போடுகிறவன் ஒரு நாள் கேட்டான்.

"எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சாலும் சொல்ல மாட்டீங்க. இப்படி விசுவாசமா இருந்துதான் என்னத்தக் கண்டீங்க? ஒரு நல்ல சட்டை உண்டா?"

ஹாரன் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். சொந்த லாரிக்காரனின் சட்டை என்று யாரும் நம்ப மாட்டார்கள்தான்.

ஆனால் கடன் கரைந்தது. இல்லாத ஒரு முதலாளியை வைத்துக்கொண்டு, இருக்கிற முதலாளிகளையெல்லாம்விட நல்ல வாடகைக்கு ஓட்டியவர் அவர். நாலு லட்சத்தில் கடைசியாக அறுபதாயிரம் நின்றது. கெடு முடிய இரண்டு நாள் இருந்தபோது மச்சான் வந்தார்.

"நாளன்னைக்குப் பணம் வரலேன்னா வண்டி என் யார்டுல நிக்கணும் மாப்ள. ஸ்டெப்னியோட. உறவு வேற, பேச்சு வேற."

ஹாரனுக்குப் பயமில்லை. மூன்று நடைகளின் பாக்கி, எழுபத்திரண்டாயிரம், லோடு ஆபீசில் கிடந்தது. மறுநாள் காலையில் வாங்கப் போனார்.

அதற்குள் அங்கே ஒரு கூத்து நடந்து முடிந்திருந்தது. வேறொரு லாரியின் டிரைவர் பாக்கியை மொத்தமாக வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான். இனிமேல் ஓனர் நேரில் வந்தால்தான் பாக்கி என்று ஆபீஸ் முதலாளி சொல்லிவிட்டார்.

"நான்தான் ஓனர்," என்றார் ஹாரன்.

கேஷியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "யோவ், போன வாரம்கூட ஓனர் கொன்னுபோடுவாருன்ன. அதுக்குள்ள நீயே ஓனராயிட்டியா?"

ஹாரன் வண்டிப் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"இதுல பொம்பளை பேருல்ல இருக்கு?"

"என் சம்சாரம்."

"அப்ப நீ ஓனர் இல்லய்யா. ஓனரம்மா வீட்டுக்காரன்!"

ஆபீசே சிரித்தது. ஹாரன் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வண்டியை விட்டார். கோபம் வர வேண்டிய இடம்தான். வரவில்லை. நாளைக்கு இதே நேரம் இந்த ஸ்டீயரிங்கை வேறொருத்தன் பிடித்திருப்பான் என்று நினைத்துப் பார்த்தார். யாருடைய வண்டியைப் பற்றியோ நினைப்பது போலிருந்தது. கை மட்டும் ஸ்டீயரிங்கை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தது.

மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார்.

"ஆபீசுக்கு வரணும்."

"யாரு?"

"நீதான். ஓனர் வரணுமாம். பாக்கிய ஓனர் கையிலதான் குடுப்பாங்களாம்."

அந்தம்மா மெஷினை நிறுத்தினார். வாயில் கவ்வியிருந்த நூலை எடுத்தார். "என் பேர்ல இருக்கறதே எனக்கு மறந்துபோச்சு," என்று சொல்லிவிட்டுத் தலையைச் சீவிக்கொண்டு வந்தார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் லாரியில் ஏறுவது அதுதான் முதல் தடவை. எந்தப் படியில் கால் வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். ஹாரனுக்குக் கை கொடுக்கத் தோன்றவில்லை. மனசில் ஒன்றுமில்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்தம்மா தானே தொற்றி ஏறி உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். துண்டு, தட்டு, தண்ணீர் பாட்டில். சீட்டுக்குப் பின்னால் ஒரு தலையணை.

"இந்தத் தலகாணியத் தேடி வீட்டையே தலைகீழாக்கினேன்."

"ம்."

"இங்கதான் தூங்குவீங்களா?"

"ம்."

"வீட்டுக்கு வந்தா தரையில சுருண்டுக்கிறீங்க."

ஹாரன் கியரை மாற்றினார். வண்டி ஆபீஸ் வாசலில் போய்த்தான் நின்றது.

கேஷியர் அந்தம்மாவைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இத்தனை நாளும் ஓனரை என்னென்ன பேசினோம் என்று அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அம்மாதான் ஓனரா? அண்ணன் சொன்னதை வச்சு நாங்க வேற மாதிரி நினைச்சிட்டோம்."

"என்ன சொன்னாரு?"

"கொஞ்சம் கோவக்காரங்கன்னு…"

அந்தம்மா திரும்பி ஹாரனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கேஷியரிடம், "ஆமா," என்றார்.

ஹாரன் சுவரோரம், டிரைவர்கள் நிற்கிற இடத்தில், நின்றுகொண்டிருந்தார்.

கேஷியர் பெட்டியைத் திறந்து கட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். "கடைசி நடை சரக்கு ஒரு நாள் லேட்டுமா. ஆயிரத்து ஐநூறு பிடிச்சுக்கிறது வழக்கம்."

அந்தம்மா மேசைமேல் இருந்த கட்டுகளைத் தொடவில்லை. கையை நீட்டினார். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள். உள்ளங்கை விரிந்து, மேசைக்கு மேலே, அப்படியே நின்றது. கேஷியர் ஹாரனைப் பார்த்தார். ஹாரன் தரையைப் பார்த்தார். எடை போடுகிறவன் வாசலில் வந்து நின்றான். நீட்டிய கை இறங்கவில்லை.

"சரி விடுங்க," என்று கேஷியர் விரலை எச்சில் தொட்டு நனைத்துக்கொண்டார். சத்தமாக எண்ண ஆரம்பித்தார். பத்துப் பத்தாயிரமாக அந்த உள்ளங்கையில் வைத்தார். அடுக்கு ஏற ஏற, அந்தம்மா கட்டைவிரலால் மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். எழுபது, எழுபத்தொன்று. கேஷியர் கடைசி ஆயிரத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டு, அதையும் அந்தக் கையின் மேல் வைத்தார்.